எந்த நிரல்மொழி? ஒரு கொழுந்துக் கணக்கைக் கொண்டு முடிவு செய்யும் வழி

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு மாணவர்கள் கூடுவார்கள். கோவைக் கல்லூரிகளிலிருந்து வார இறுதிக்கு மலையேறி வருபவர்கள் சிலர். உள்ளூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் சிலர். பாடம் எதுவானாலும், தேநீர் வருவதற்குள் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடும்: பைத்தானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்ட்டா? ஒருவன் சம்பளத்தைச் சொல்வான், இன்னொருத்தி வேகத்தைச் சொல்வாள், அடுத்தவன் முந்தின நாள் யூடியூபில் பார்த்ததைச் சொல்வான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சார், சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்பார்கள். நான் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு வார்த்தையைச் சொல்வார், சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே சண்டையை ஒழுங்காக நடத்தி ஒரு முடிவுக்குக் கொண்டுவர நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். அதற்கு இரண்டு வார இறுதிகளும், ஒரு மடிக்கணினியும், நன்றாகத் தெரிந்த ஒரு சிறு கணக்கும் இருந்தால் போதும்.

வாக்கியத்தை முழுமையாக்குதல்

"எந்த மொழி சிறந்தது?" என்பது பாதியில் நிற்கும் வாக்கியம். என்ன வேலைக்கு, யார் எழுதுவதற்கு, எந்தக் கணினியில், எந்த மாதத்துக்குள் என்ற நான்கையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிய பிறகே விவாதத்தைத் தொடங்குங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு மாணவி எழுதிய வாக்கியம் இது: "பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நான், 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில், என் அப்பா தொழிற்சாலைக்கு அனுப்பும் பச்சைத் தேயிலையின் மாதக் கணக்கை அடுத்த ஜூன் மாதத்துக்குள் நானே எழுதிய நிரலால் போட்டுக்காட்ட வேண்டும்; அதற்கு எந்த மொழி?" இப்படி எழுதியவுடன் அறையில் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. பெரிய நிறுவனங்கள் எதைப் பயன்படுத்துகின்றன, அமெரிக்காவில் என்ன சம்பளம் என்ற பேச்சுகளுக்கு அந்தத் தாளில் இடமில்லை.

சில வாக்கியங்களை எழுதிய மாத்திரத்தில் விவாதமே தேவையற்றுப்போகும். உதகைக்கு அருகே தலைக்குந்தாவில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் இறங்கும் உறைபனியைக் கண்காணிக்க, கேரட் தோட்டத்தில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் வெப்ப உணரியும் வைக்க நினைப்பவருக்கு சி பிளஸ் பிளஸ்தான் மொழி. அந்தப் பலகைக்கான கருவிகள் அதைச் சுற்றியே அமைந்துள்ளன. ஐபோன் செயலி எழுத விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது 2014-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஸ்விஃப்ட். ஆண்ட்ராய்டு செயலிக்கு, 2017-இல் கூகுள் ஏற்றுக்கொண்டு 2019 முதல் முன்னிறுத்திவரும் கோட்லின். உலாவிக்குள் ஓட வேண்டியது எதுவானாலும் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் போய்த்தான் நிற்கும், இடையில் டைப்ஸ்கிரிப்ட் என்ற சட்டையை மாட்டிக்கொண்டாலும் சரி. வேலையே மொழியைத் தேர்ந்துவிட்ட இடத்தில் இரண்டு மணிநேரம் வாதாடுவதற்குப் பதிலாக நேரே படிக்கத் தொடங்கிவிடலாம்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும், தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் படித்திருப்பார். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகியவற்றின் முகத்தையாவது பார்த்திருப்பார். தேர்வுக்குப் படித்தது வேறு, நிரல் எழுதுவது வேறு என்ற எண்ணத்தில் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு மொழியைத் தேடிக் கோவைக்குப் பணம் கட்டப் போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பாதித் தெரிந்த மொழிக்கு விவாதத்தில் ஒரு படி முன்னுரிமை கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத ஆசைப்படுகிறவருக்கு முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் இருக்கிறது; அதில் 'பதிப்பி' என்று கட்டளையிட்டால் திரையில் எழுத்து வரும். சிறுவர்களுக்கு முதல் நிரலைக் காட்ட அதைவிட இதமான வாசல் எனக்குத் தெரியாது, ஆனால் மேலே சொன்ன தேயிலைக் கொழுந்துக் கணக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தரவரிசைகளையும் விளம்பரங்களையும் எவ்வளவு நம்பலாம்

விவாதத்தில் யாராவது ஒருவர் கைபேசியை எடுத்து ஒரு தரவரிசையைக் காட்டுவார். அதைத் தள்ள வேண்டாம். அது எதை எண்ணுகிறது என்று மட்டும் கேளுங்கள். டியோபி என்ற பட்டியல் தேடுபொறிகளில் மொழியின் பெயர் எவ்வளவு அகப்படுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. அதில் பைத்தான் 2021 அக்டோபரில் முதலிடத்துக்கு வந்தது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் தன் பயனர்களிடம் நடத்தும் கருத்துக்கணிப்பில், அதிகம் பயன்படும் மொழி என்ற இடத்தைப் பத்தாண்டுக்கும் மேலாக வைத்திருந்தது ஜாவாஸ்கிரிப்ட். அதே கணிப்பில், பயன்படுத்துகிறவர்கள் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் மொழி என்ற பெருமை 2016 முதல் ஆண்டுதோறும் ரஸ்ட்டுக்குப் போயிற்று. மூன்றும் உண்மையே, தேடப்படுவது, பயன்படுவது, விரும்பப்படுவது மூன்றும் வேறு வேறு. மாணவர்கள் இவற்றில் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவதால்தான் குழப்பம்.

வேலைவாய்ப்பே உங்கள் வாக்கியத்தின் நோக்கம் என்றால், தரவரிசையை மூடிவைத்துவிட்டு, நீங்கள் உண்மையில் போய்ச் சேரக்கூடிய ஊரின் 30 விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை சரவணம்பட்டியில் தங்கி வேலைபார்க்க முடியும் என்றால் கோவை விளம்பரங்கள்; வீட்டிலிருந்தே என்றால் அத்தகைய விளம்பரங்கள். ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் மொழியைக் கோடுபோட்டு எண்ணுங்கள், அதனுடன் சேர்த்துக் கேட்கப்படுபவற்றையும் தனியாக எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் பெரும்பாலும் பயனுள்ளது, ஏனென்றால் எந்த மொழியும் அங்கே தனியாக வருவதில்லை.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 2001-இல் கோவையில் ஒரு பயிற்சி மையத்தில், அம்மாவின் வளையலை அடகுவைத்த பணத்தைக் கட்டி விஷுவல் பேசிக் 6 படித்தேன். இனி எல்லா அலுவலகங்களிலும் இதுதான் என்று அங்கே உறுதியாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் டாட் நெட் என்ற புதிய தளத்தை வெளியிட்டது. அதிலிருந்த மொழியின் பெயரில் விஷுவல் பேசிக் இருந்தாலும், பழைய நிரல்கள் அப்படியே அதில் ஓடவில்லை. 2008 ஏப்ரலில் பழைய பதிப்பின் நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவும் நின்றது. அந்த மையத்தின் மீது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு, ஆனால் அந்த ஆண்டு முழுவதும் வீணாகிவிடவில்லை. அங்கே பக்கவாட்டில் இருபது மணிநேரம் சொல்லிக்கொடுத்த எஸ்க்யூஎல்லை இன்றுவரை பயன்படுத்துகிறேன். 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் மீது, 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் கட்டிய மொழி அது. எனவே எந்தக் கட்சி வென்றாலும் எஸ்க்யூஎல்லைக் கூட வைத்துக்கொள்வது எங்கள் கூட்டத்தில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட விதியாக இருக்கிறது.

ஒரே கணக்கை இரண்டு மொழிகளில் எழுதிப்பார்த்தல்

வாக்கியம் முடிந்து, களத்தில் இரண்டு மொழிகள் மிஞ்சினால், அவற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு இரண்டிலும் ஒரே கணக்கை எழுதிப்பாருங்கள். மூன்று மொழிகளை எடுத்தால் ஒன்றையும் முடிக்க மாட்டீர்கள். கணக்கு உங்களுக்கு நெருக்கமானதாக இருக்க வேண்டும். அதில் விடை தவறினால் நிரலைப் பார்க்காமலே உங்களுக்கு உறைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குக் கொழுந்துக் கணக்கைவிடப் பொருத்தமானது இல்லை.

கணக்கு இதுதான். ஒரு கோப்பில் ஒரு வரிக்கு ஓர் எடை: தேதி, விவசாயியின் பெயர் தமிழில், கிலோவில் எடை, ஈரத்துக்கும் சாக்குக்குமான கழிவு. மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் நிகர எடையைக் கூட்டி, கிலோ விலையால் பெருக்கி, வாங்கிய முன்பணத்தைக் கழித்து, பெயர்களை அகரவரிசையில் அடுக்கி அச்சிட வேண்டும். கோப்பில் வேண்டுமென்றே மூன்று கெட்ட வரிகளைச் சேர்த்துவையுங்கள்: ஒன்றில் எடை வெறுமையாக இருக்கட்டும், ஒன்றில் "12.5 கி" என்று எழுத்து ஒட்டியிருக்கட்டும், ஒன்றில் பெயரின் பின்னால் ஒரு தேவையற்ற இடைவெளி இருக்கட்டும். உண்மையான ஏடுகளில் இவை மூன்றும் வரத்தான் செய்யும். முழு நிரலும் நூறு வரிக்குள் அடங்கிவிடும்.

வேகத்தைப் பற்றிய வாதம் இந்த இடத்தில் தானாக விழுந்துவிடுகிறது. 300 விவசாயிகள், 30 நாட்கள் என்று வைத்தால் 9,000 வரிகள். வெறும் சுழற்சிக் கணக்குகளில் பைத்தான் சி மொழியைவிடப் பல பத்து மடங்கு மெதுவானது என்பது உண்மை, ஆனால் 9,000 வரிகளை இரண்டுமே நீங்கள் நாற்காலியில் சாய்வதற்குள் முடித்துவிடும். வேகம் உங்கள் வாக்கியத்தில் உண்மையிலேயே இருந்தால் மட்டும் அதைப் பேசுங்கள்.

தமிழ்ப் பெயர்களில்தான் மொழிகளின் குணம் முதலில் வெளிப்படும். 'நீலகிரி' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஒவ்வொரு மொழியையும் கேட்டுப்பாருங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 7 என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் மெய்யோடு சேரும் ஈகாரக் குறியும் இகரக் குறியும் தனித்தனி இடம் பெற்றவை. சி, கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளின் வழக்கமான நீளக் கணக்கு 21 என்று சொல்லும், ஏனென்றால் அந்த எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இந்தத் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. எடுத்த எடுப்பில் 4 என்று சொல்வது ஸ்விஃப்ட். அச்சிடும்போது பெயர்களை ஒரே அகலத்தில் நிறுத்தவும், நீளமான பெயரை வெட்டவும் முயன்றால் இதன் விளைவு தெரியும். வெட்டு தவறான இடத்தில் விழுந்து, கொக்கி பறிபோன எழுத்து தாளில் நிற்கும்.

அகரவரிசை இன்னும் வேடிக்கையானது. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். ஆகவே பைத்தானிடம் பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் மனோகரன் முன்னாலும் மரகதம் பின்னாலும் வருவார்கள். தமிழ் அகராதியில் மரகதம்தான் முதலில். பைத்தானில் இதைச் சரிசெய்ய பிறர் எழுதிய ஒரு வெளித்தொகுப்பை நிறுவ வேண்டும், அல்லது பதினெட்டு மெய்களின் வரிசையையும் நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டிலோ, தமிழ் வரிசையில் ஒப்பிடு என்று கேட்டால் செய்து கொடுக்கும் இன்டில் கொலேட்டர் என்ற வசதி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் வடித்த மொழி என்று எல்லோரும் ஏளனம் செய்யும் ஒன்று, நம் பெயர்களை நம் வரிசையில் அடுக்குவதில் பள்ளிப் பாடமான பைத்தானை முந்துகிறது. இதை எந்த விவாத மேடையிலும் நான் கேட்டதில்லை; எழுதிப்பார்த்ததால் தெரிந்தது.

ஆனால் அதே ஜாவாஸ்கிரிப்ட் வெற்று எடை வரியில் தலைகீழாக விழுகிறது. எழுத்து வடிவில் வந்த வெறுமையை எண்ணாக மாற்றச் சொன்னால் அது சத்தமில்லாமல் 0 என்று தந்துவிடும். நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது, அந்த விவசாயியின் ஒருநாள் கொழுந்து கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். சி மொழியின் பழைய மாற்று வழியும் இதையே செய்கிறது. பைத்தான் அதே வரியில் நின்று, இது எண் இல்லை என்று பிழை காட்டும், ஜாவாவும் அப்படியே. ரஸ்ட் இன்னும் கறாரானது: எண்ணாக மாற்றும் முயற்சி தோற்றால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதாதவரை, உள்ளே இருக்கும் எண்ணைத் தொடவே விடாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எண்களின் பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால், வேறு சொல்லாதவரை அது எழுத்துகளாகக் கொண்டு 1, 10, 9 என்று அடுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவறு எப்போது தெரியவருகிறது என்பதுதான், என் பார்வையில், இரண்டு மொழிகளுக்கிடையே கேட்க வேண்டிய மிகக் கனமான கேள்வி. நிரலை ஓட்டுவதற்கு முன்பே தெரிவது ஒரு வகை, அந்த வரி ஓடும்போது தெரிவது இன்னொரு வகை, மாதம் முடிந்து ஒரு விவசாயி வந்து கேட்கும்போது தெரிவது மூன்றாவது வகை. பைத்தானைப் புகழ்கிறவர்கள் மறக்கும் ஓர் இடம் இதில் உண்டு. ஈரக் கழிவைக் கணக்கிடும் வரியில் ஒரு பெயரைத் தவறாக எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஜாவாவோ கோ மொழியோ அதை ஓட்டுவதற்கு முன் தொகுக்கும்போதே பிடித்துவிடும். பைத்தான் அந்த வரியைத் தொடும்வரை வாயைத் திறக்காது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். ஆகவே மார்ச்சில் எழுதிய நிரல், ஈரக் கொழுந்து குவியும் அக்டோபரில்தான் முதன்முறை அந்த வரிக்குப் போகும், அன்றுதான் விழும். கூடலூரில் இருப்பவருக்கு ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும். பைத்தானைத் தேர்ந்தால், சோதனைக் கோப்பில் ஒரு பொய்யான மழைநாளைச் சேர்த்துவைத்து முதல் நாளே ஓட்டிப்பாருங்கள்.

காசுக் கணக்கில் இரண்டு மொழிகளும் ஒரே குட்டையில் ஊறியவை. 0.1 கிலோவையும் 0.2 கிலோவையும் கூட்டச் சொன்னால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 0.30000000000000004 என்றே சொல்லும். பதின்மப் பின்னங்களை இரும எண்களில் வைக்கும்போது நேரும் இழப்பு அது, மொழியின் குற்றமில்லை. எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை போய்விடும். பைத்தானிலும் ஜாவாவிலும் பதின்மக் கணக்குக்கென்றே தனி வசதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ளமைந்த ஒன்று இல்லை. இதைக் கேள்விப்பட்டவுடன் ஒரு மாணவன் ஜாவாஸ்கிரிப்ட் தோற்றது என்று குதித்தான். பைசாவில் எழுதினால் தோல்வி எங்கே என்று அவனைக் கேட்டேன், அவனிடம் பதில் இல்லை.

இரண்டாவது வார இறுதி: மாற்றமும் கைமாற்றமும்

முதல் வார இறுதியில் எழுதியதை மூடிவைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்து, ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். கொழுந்துக் கணக்கில் மாற்றத்தைத் தேடிப் போக வேண்டாம். பச்சைத் தேயிலைக்கான மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் பிறகுதான் அறிவிக்கிறது. அதுவரை கைக்கு ஒரு தற்காலிக விலை, அறிவிப்புக்குப் பின் வித்தியாசம் என்று கணக்கு இரண்டாகப் பிரியும். ஒரே விலை என்று நினைத்து எழுதிய நிரலை இரண்டு விலைக்கு மாற்றும்போது, உங்கள் நிரலை நீங்களே படித்துப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். புதிதாக எழுதும் வேகத்தை வைத்து மொழிகளை ஒப்பிடுகிறவர்கள் இந்தக் குறிப்பைத் தவறவிடுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் நூறு வரி எழுதித் தருகின்றன. அந்த நூறு வரியில் வெற்று எடை 0 ஆகிறதா என்று கண்டுபிடிக்கப்போவது நீங்கள்தான் என்பதால், எந்த மொழியை உங்களால் படிக்க முடிகிறது என்ற கேள்வி முன்னைவிடக் கனத்துவிட்டது.

அடுத்து, நிரலை ஒரு பென் டிரைவில் போட்டு, இணையம் இல்லாத வேறொரு கணினியில் ஓட்டிக்காட்டுங்கள். தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கும் கணினி எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். கோ மொழியிலோ ரஸ்டிலோ எழுதினால் ஒரே ஒரு கோப்பு, வைத்துச் சொடுக்கினால் ஓடும். பைத்தானுக்கு அந்தக் கணினியிலும் பைத்தான் வேண்டும், அல்லது எல்லாவற்றையும் மூட்டைகட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டை ஒரு எச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்புக்குள் எழுதியிருந்தால் உலாவி மட்டும் இருந்தால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை: தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் சில சமயம் எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரியும். எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டன என்பதை, அதாவது குறியேற்றத்தை, எக்செல் தவறாக ஊகிப்பதால் அது வருகிறது. அதற்காக மொழியைத் திட்டி ஒரு மாலையை நாங்கள் இழந்திருக்கிறோம்.

மலையில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து இணைப்பு அறுந்தால் இரண்டு நாள் ஆகும். அப்போது உங்கள் மொழி உங்களோடு பேசுமா? பைத்தானின் கையேட்டை முழுதாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்; ரஸ்ட் நிறுவும்போதே கையேடும் கணினிக்குள் வந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் ஒரு சிறு வேலைக்கும் நூற்றுக்கணக்கான சிறு தொகுப்புகளை இணையத்திலிருந்து இழுத்துப்போடும் பழக்கம் பரவியிருப்பதால், அவற்றை நம்பாமல் எழுதக் கற்றுக்கொள்வது நல்லது. 4 ஜிபி மடிக்கணினியில், ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால் அது மூச்சுவாங்கும். கணினியே இல்லாமல் கைபேசி மட்டும் வைத்திருப்பவர் பைடிராய்டு என்ற செயலியில் பைத்தானைத் தொடங்கலாம்.

கூப்பிடு தூரத்தில் யாருக்கு அந்த மொழி தெரியும் என்பதை நான் மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் இணையாக வைப்பேன். ஒரு பிழையில் மூன்று நாள் மாட்டிக்கொண்ட மாணவர் அந்த மொழியையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்; பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் அது தீர்ந்திருக்கும்.

உட்கார்ந்து பேசி முடித்தல்

இரண்டு நிரல்களும் கையில் இருக்கும்போது விவாதத்துக்கு ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். எங்கள் கூட்டத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு. தான் குறைந்தது 500 வரி எழுதாத மொழியைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். 'எளிது', 'எதிர்காலம்' என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தக்கூடாது. எளிது என்று தோன்றினால் எந்த வரி எளிதாக இருந்தது என்று நிரலில் விரலை வைத்துக்காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் தான் ஆதரிக்கும் மொழியின் ஒரு குறையை முதலில் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதியை முதன்முறை கொண்டுவந்தபோது அறையில் நெடுநேரம் யாரும் பேசவில்லை.

முடிவு ஒரே மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும்தான் பல்சக்கரத் தண்டவாளம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம் அங்கே இருப்பதால் அது தேவைப்பட்டது. குன்னூருக்கு மேலே அந்தப் பல் இல்லை, இழுக்கும் எஞ்சினும் பெரும்பாலும் வேறு. பைத்தானில் அறிவியல் கணக்குப் போடுகிறவர்கள் செய்வதும் இதுதான்: எழுதுவது பைத்தானில், செங்குத்தான கணக்கு நம்பை போன்ற தொகுப்பின் உள்ளே சி மொழியில் ஓடுகிறது. அதைத் தெரிந்துகொண்டவர் பைத்தான் மெதுவானது என்று ஒரே வாயில் சொல்ல மாட்டார். எனினும் தொடக்கத்தில் ஒன்றை மட்டும் பற்றி ஓராண்டு இருப்பதே நல்லது என்பதால், அந்தத் தாளின் அடியில் ஒரு மொழியின் பெயரையும், மறுபடி இந்த விவாதத்தைத் திறக்கும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். அந்தத் தேதிக்கு முன் எந்தக் காணொளி வந்தாலும் பேச்சில்லை.

கொழுந்துக் கணக்கு எழுதிய மாணவி பைத்தானைத் தேர்ந்தாள். நானாக இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தேர்ந்திருப்பேன். அவள் அப்பாவின் கணக்கைக் கடைசியில் பார்க்கப்போவது தொழிற்சாலைக் கணினியின் உலாவியில்தான், பெயர் வரிசையும் அங்கே சரியாக வருகிறது, வெற்று எடையை ஒரே ஒரு சரிபார்ப்பு வரியால் தடுத்துவிடலாம். ஆனால் அரவேனுவில் இருக்கும் அவள் சித்தப்பா மகனுக்குப் பைத்தான் நன்றாக வரும், கூப்பிட்டால் பைக்கில் வந்துவிடுவான். அந்தக் காரணத்தை அவள் தாளில் முதல் வரியாக எழுதியிருந்தாள், என்னால் மறுக்க முடியவில்லை. மெய்யெழுத்துகளின் வரிசையை அவளே ஒரு பட்டியலாக எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.

தோற்ற மொழியில் எழுதிய நிரலை அழித்துவிடாதீர்கள். அவளுடைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் அதே கோப்புறையில் தேதியோடு இருக்கிறது. அக்டோபரில் முதல் மழை வாரத்தின் எடைகள் வந்ததும் இரண்டு நிரல்களையும் அதே கோப்பின் மீது ஓட்டி, ஒவ்வொரு பெயருக்கும் தொகை பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒத்துப்போகாத பெயரில்தான் தேட வேண்டிய பிழை இருக்கும்.